பேழையும் பேதமும்

தென்காசியிலே வாடகைக்கு விடப்படும் பெட்டி ஒன்றின் கதையைச் சொல்கிறோம், தோழர்களே! ஆறடிக்கு மேல் நீளம். மேலே கண்ணாடி மூடி. அடியிலே குளிரூட்டும் பொறி. பக்கத்திலே சுருட்டி வைத்த மின்கம்பி. 'ஐஸ் பெட்டி' என்பர் ஊரார். தொலைவிலே இருக்கும் மகனும் மகளும் வந்து முகம் பார்க்கும் வரையில் பிணம் கெடாதிருக்க மனிதன் கண்ட கருவி அது. மந்திரத்தால் ஆகாததை மின்சாரம் செய்கிறது.

ஆனி மாதம். குற்றாலத்திலே சாரல் விழத் தொடங்கிய நேரம். தென்காசியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஓர் ஊரில், மேலத்தெருப் பெரியவர் ஒருவர் மறைந்தார். ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால், அந்த ஊர் ஒன்றுதான் அப்படி என்று மற்ற ஊர்கள் மீசையை முறுக்கும்! பெரியவரின் மகன் கடல் கடந்து வரவேண்டும், பெட்டி வந்தது, இரண்டு நாள் இருந்தது, போயிற்று. எட்டாம் நாள், அதே ஊர்க் கீழத்தெருவிலே ஒரு பாட்டி மறைந்தாள். நாம் பணிபுரியும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவனின் தந்தையைப் பெற்றவள். அவன் தந்தை திருப்பூரிலே கூலி. இரவெல்லாம் பயணம் செய்து வரவேண்டும். பெட்டி வந்தது. அதே பெட்டி! கண்ணாடியின் ஓரத்திலே ஒரு கீறல், அதன்மேல் ஒட்டிய நாடா. மாணவன் அதைக் காட்டி, "ஐயா, இது பெரிய வீட்டுக்கு வந்த பெட்டிதான்" என்றான். சொன்னபோது அவன் குரலிலே ஒரு சிறு பெருமையும் இருந்தது. அதை எண்ணினால் இன்றும் நம் நெஞ்சு சுடுகிறது.

பெட்டி வந்த வண்டி மேலத்தெரு வழியாகத்தான் வந்தது. வேறு வழியில் வண்டி வராது. அரசு பணத்திலே போட்ட தார்ச்சாலை அது. யாரும் மறிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. விடிந்தது. மகன் வந்தான். நீர்மாலை எடுத்தார்கள். பாடை கட்டினார்கள். புறப்பட வேண்டியதுதான். மேலத்தெரு முனையிலே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். "வழக்கப்படி வாய்க்கால் வழியாகக் கொண்டுபோங்க" என்றார்கள். ஆம், தோழர்களே! பெட்டி போன வழியே பாட்டி போகக் கூடாதாம்!

மலையிலே மழை. வாய்க்காலிலே தொடையளவு தண்ணீர். நால்வர் தோளிலே பாடை. நாமும் நம்முடன் வந்த ஆசிரிய நண்பர் ஒருவரும் பின்னே இறங்கினோம். நடு வாய்க்காலில் ஒருவர் கால் இடறிற்று. பாடையின் ஓரம் தண்ணீரிலே தோய்ந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அக்கரை ஏறியதும் மாணவன் பாட்டியின் புடவை ஓரத்தைப் பிழிந்தான். வீட்டிலே துணி துவைத்த பிறகு பிழிவதுபோல, மெதுவாக, இரண்டு முறை.

திரும்பி வருகையில் மேலத்தெரு மூத்தவர் ஒருவர் நம்மை அழைத்தார். மரியாதையாகத்தான் அழைத்தார். "வாத்தியாரே, பாடம் நடத்துறதோட நிறுத்திக்கிடணும். இதெல்லாம் பெரியவங்க காலத்து ஏற்பாடுல்லா" என்றார். நல்லது. பெரியவர்கள் காலத்து ஏற்பாடு என்ன என்பதையே பார்ப்போம். அதுவும் பாடம்தானே!

எந்தப் பெரியவர்கள்? எவ்வளவு பழைய பெரியவர்கள்? இதே தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்திலே 2024-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை மண்ணை அகழ்ந்தது. கற்பலகைகளை நட்டு அமைத்த அறையும், அதனுள்ளே தாழிகளும் வெளிப்பட்டன. பொருநையின் தென்கரையிலே ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர்ப் பரப்பிலே தாழிகளைச் சுமந்து கிடக்கும் பரம்பு. 1876-இல் யாகோர் என்ற செருமானியர் தோண்டினார். கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீயா தோண்டினார். வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் எடுத்தார். மீண்டும் 2004, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அதன் அறிக்கைக்காகத் தமிழ்நாடு பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்துக்கிடந்தது வேறு கதை. மாண்டவர் தாழிக்குள் காத்திருந்தது போதாதென்று, அறிக்கையும் அலமாரிக்குள் காத்திருந்தது! அருகிலுள்ள சிவகளையில், ஒரு தாழிக்குள் கிடந்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியிலே சுடுமண் ஈமப்பேழை. அதன் காலம் கி.மு. 1692 என்று 2025 சனவரியிலே வெளியிட்டார்கள். கால்கள் பல கொண்ட, மூடியிட்ட, நீண்ட மண்தொட்டி. சவப்பெட்டி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று எண்ணும் நண்பர்கள் இதனைக் கவனிக்க.

பாட்டனுக்குப் பாட்டன் தன் பிணத்திற்குத் தேடியது புரோகிதனை அல்ல, குயவனை! சான்று வேண்டுமா? புறநானூற்றின் 256-ஆம் பாட்டைப் புரட்டுங்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனை நோக்கிப் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்திலே ஒட்டிக்கொண்டே வழியெல்லாம் வந்த பல்லியைப்போல அவனோடு வந்தவளாம். தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள். அவள் சாகத் துணிவதை நாம் போற்றவில்லை. உடன் மாயும் கொடுமைக்கு அதிலே வாடை உண்டு. நாம் காட்டுவது வேறு. மண்ணைப் பிசையும் தொழிலாளியை மரியாதையோடு விளித்துக் கேட்கிறாள். 228-ஆம் பாட்டிலே ஐயூர் முடவனார் அதே குயவனிடம், கிள்ளிவளவன் பெருமைக்குப் போதுமான தாழியை எப்படி வனைவாய் என்று இரங்குகிறார். அரசனுக்கும் தாழி, அவள் கணவனுக்கும் தாழி, இருவர் தாழியையும் வனைந்தது குயவன் கை.

ஆனால் நாம் கண்ணை மூடிக்கொண்டு பழம்பெருமை பாடுகிறவர்கள் அல்லர். எல்லாத் தாழியிலும் பொன் நெற்றிப்பட்டம் இல்லை, சிலவற்றில்தான் இருந்தது. ஆதலால் உயர்ந்தோர், எளியோர் அன்றும் இருந்திருக்கிறார்கள். பின்னே என்ன நடந்தது என்பதை மணிமேகலை காட்டுகிறது. புகாரின் புறத்தே சுடுகாட்டுக் கோட்டம். எரிப்போர், வறிதே இட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த அறையில் அடைப்போர், தாழியால் கவிப்போர் என ஐவகையினரும் ஒரே மதிலுக்குள் வருகிறார்கள். எரிக்கிறவன் புதைக்கிறவனை விரட்டவில்லை. மகிழ்கிறோம். அதற்கு முந்தைய அடிகளைப் பார்த்தால் மகிழ்ச்சி மாய்கிறது: அங்கே எழுப்பிய நினைவுக் கோட்டங்கள் நால்வருணப் பாகுபாடு காட்டி நின்றனவாம்! தாழிக்குள் இல்லாத வருணம், காப்பியக் காலத்திலே சுடுகாட்டு மதில் ஏறிக் குதித்துவிட்டது.

எங்கிருந்து குதித்தது? மனுவின் நூல், ஐந்தாம் அத்தியாயம், 92-ஆவது சுலோகம். சூத்திரப் பிணத்தை ஊரின் தெற்கு வாயில் வழியாக எடுத்துச் செல்ல வேண்டும். மேல் வருணத்தார் பிணங்களுக்கு மேற்கும் வடக்கும் கிழக்கும். பிணம் போகும் வாயிலைக்கூடப் பங்கிட்டுக் கொடுத்த பெருமகன்! மேலத்தெரு மூத்தவரிடம் ஒன்று கேட்க ஆசைப்படுகிறோம்: ஐயா, அந்தக் கணக்கிலே தங்களுக்கு ஒதுக்கிய வாயில் எது என்று பார்த்ததுண்டா? தங்களையும் தெற்கே தள்ளிய ஏட்டை வைத்துக்கொண்டா, கீழத்தெருவை வாய்க்காலிலே தள்ளுகிறீர்?

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தென்காசி! காசியிலே இறந்தால் முத்தி என்பது அவர்கள் கற்பித்த கதை. அவ்வளவு தொலைவு போக இயலாதவர்க்காக, 15-ஆம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் இங்கே ஒரு காசியை எழுப்பினான் என்பர். சாவுக்குச் சலுகை கொடுக்கும் கிளை நிலையம்! அருவிக்கரையிலே ஆடி அமாவாசையன்று போய் நில்லுங்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, மாண்ட தாத்தாவுக்குப் பசி தீர்க்கிறார்கள். எள் அருவியோடு போகிறது. தட்சணை மடியோடு போகிறது. திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியை வைத்து மலைவளம் பாடிய குற்றாலம், மாதம்தோறும் பிண்டம் உருட்டும் கூடமாகவும் இருக்கிறது. அருவியோ எவன் தலை என்று பார்த்து விழுவதில்லை. அதனால்தானோ என்னவோ, அருவிக்கு வேதம் ஓதத் தெரியவில்லை.

வைதீகம் ஒன்றைத்தான் சாடுகிறோம் என்று மற்றவர் மகிழ வேண்டாம். திருச்சி மேலப்புதூரிலே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். அதன் நடுவே சாதிச் சுவர். இந்தப் பக்கம் ஒரு சாதிப் பெட்டி. அந்தப் பக்கம் இன்னொரு சாதிப் பெட்டி. இரண்டின் மேலும் ஒரே சிலுவை! இசுலாமியத் தெருவிலே பள்ளிவாசலுக்குச் சொந்தமான சந்தூக்கு ஒன்று உண்டு. பணக்காரனும் அதிலேதான் போகிறான், பாய் முடைபவனும் அதிலேதான் போகிறான். உடலை இறக்கியபின் சந்தூக்கு திரும்பி வந்துவிடும். மறுமை பற்றி அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் சந்தூக்கைப் பாராட்டத் தயங்கோம். 1981-இல் இதே தென்காசி வட்டத்து மீனாட்சிபுரத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாக இசுலாத்தைத் தழுவியபோது நாடே அலறிற்று. அரபுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். வாய்க்கால் தண்ணீரிலே பாடை தூக்கிப் பார்த்தவன் அந்தக் காரணங்களைத் தேடி அவ்வளவு தூரம் போகமாட்டான்.

உலகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம். எகிப்திலே மறுமைக்கு வழிகாட்டும் மந்திரங்கள் முதலில் அரசன் பிரமிடுச் சுவரிலே மட்டும் இருந்தன. பிறகு பெட்டி செய்யப் பணமுள்ள பிரபுக்கள் அவற்றைத் தங்கள் பெட்டிக்குள் எழுதிக்கொண்டார்கள். 1922-இல் கார்ட்டர் கண்டெடுத்த துத்தன்காமன் கல்லறையிலே பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. உள்ளே இருந்தது ஏறத்தாழ 110 கிலோ தங்கம். அந்தத் தங்கம் அந்த இளைஞனை ஒரு நாள்கூட அதிகம் வாழவைக்கவில்லை. ஆசுத்திரியப் பேரரசன் இரண்டாம் யோசேப்பு சீர்திருத்தம் செய்ய விரும்பினான். 1784-இல் ஆணையிட்டான்: பெட்டி பொதுப்பெட்டி, அடிப்பலகை கதவுபோல் திறக்கும், உடல் குழியில் விழும், பெட்டி அடுத்த பிணத்திற்குத் திரும்பும். மரம் மிச்சம், பணம் மிச்சம்! மக்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டே ஆணையைத் திரும்பப் பெற்றான்.

இந்த இடத்திலே சற்று நிற்க வேண்டும். ஒரு பேரரசனால் இயலாததை, தென்காசியின் வாடகைப் பெட்டி ஆணையில்லாமலே செய்துவிட்டது! நேற்று அவன் கிடந்த பெட்டியிலே இன்று இவன் கிடக்கிறான். தீட்டு என்று எந்த மேலத்தெருவும் சொல்லவில்லை. எந்தச் சாத்திரியும் பரிகாரம் கேட்கவில்லை. ஏன்? தேவை! வெயிலிலே பிணம் நாறும், மகன் வர வேண்டும், வேறு வழியில்லை. ஆதலால் சாத்திரம் வாயை மூடிக்கொண்டது. இதிலிருந்து தெரிவது என்ன? தீட்டு என்பது உள்ளத்திலே ஊறிய நம்பிக்கைகூட அன்று. வசதிக்கு வளையும்; அதிகாரத்திற்கு நிமிரும். பெட்டியிலே சமத்துவம் அவர்களுக்கு வசதி; பாதையிலே சமத்துவம் அவர்களுக்கு இழப்பு. அதனால்தான் பெட்டிக்குத் திறந்த தெரு பாட்டிக்கு மூடிற்று.

நம் நண்பர் ஒருவர், நல்ல பகுத்தறிவாளர்தான், நம்மிடம் சொன்னார்: "செத்தபின் எந்த வழியே போனால் என்ன? உயிரோடிருப்பவனுக்குப் போராடுவோம். பிணத்துக்குப் போராடுவது நமக்கு அழகா?" கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் வாய்க்காலிலே இறங்கியது யார்? பிணமா? நால்வர் கால்கள்! பிணத்துக்கு அவமானம் தெரியாது, உண்மை. ஈரப் புடவையைப் பிழிந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

அதே பதினான்கு வயதிலே, அமெரிக்க நாட்டின் மிசிசிப்பியில், 1955 ஆகஸ்டிலே எம்மட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். முகம் சிதைந்த உடல் பெட்டியிலே சிகாகோ வந்தது. அதிகாரிகள் மூடியே புதைக்கச் சொன்னார்கள். தாய் மாமி டில் மறுத்தார். பெட்டியைத் திறந்து வைத்தார். என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். பல்லாயிரவர் வரிசையில் நின்று பார்த்தார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு கொலைகாரர்களை விடுவித்தது. ஆனால் அந்தப் பெட்டியை யாராலும் மூட முடியவில்லை. அவ்வாண்டு திசம்பரிலே ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்தார். அந்தப் பெட்டி இன்று வாசிங்டனில் அருங்காட்சியகத்திலே இருக்கிறது. பிணத்துக்குப் போராடுவது அழகா என்று அந்தத் தாயிடம் கேட்டிருக்கலாம்!

நம் நாட்டிலும் பெட்டிகள் பேசியதுண்டு. 1939-இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்த நடராசனும் தாளமுத்துவும் அடுத்தடுத்து மாண்டனர். ஒருவர் ஆதிதிராவிடர், மற்றவர் நாடார். சென்னை மூலக்கொத்தளத்திலே இருவருக்கும் ஒரே இடத்தில் நினைவிடம். தமிழுக்குச் செத்தவர்களைச் சாதிப்படி பிரித்துக் கிடத்தவில்லை. பெரியார், 1933-இல் நாகம்மையார் மறைந்த மறுநாளே திருச்சிக்குத் திருமணம் நடத்தச் சென்றார். 1973-இல் அவரே மறைந்தபோது பெரியார் திடலிலே புதைத்தார்கள், புரோகிதமின்றி. 1969-இல் அண்ணாவைக் கடற்கரை மண் ஏற்றுக்கொண்டது. 2018 ஆகஸ்டிலே கலைஞரின் பேழை அதே கடற்கரைக்குப் போக, இரவெல்லாம் வழக்காடி மறுநாள் காலை உயர்நீதிமன்ற ஆணை பெற வேண்டியிருந்தது. முதலமைச்சராக ஐந்து முறை இருந்தவருக்கே ஆறடிக்கு வழக்கு! ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. கடற்கரைக் கல்லறைகளின்மேல் மாலை குவிப்பதற்கும், தலையால் தொட்டு வணங்குவதற்கும், சந்தனப் பேழையின் விலை பேசிப் பூரிப்பதற்கும் நம்மவர் காட்டும் ஆர்வத்திலே பத்தில் ஒரு பங்கை ஊர்ச் சுடுகாட்டுப் பாதைக்குக் காட்டியிருந்தால், 2019 ஆகஸ்டிலே வாணியம்பாடிக்கு அருகே, பாதை மறுக்கப்பட்ட ஒரு ஒடுக்கப்பட்டவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியிருக்க மாட்டார்கள். அரை நூற்றாண்டு ஆண்ட கொள்கைக்கு அந்தக் கயிறு ஒரு கேள்வி. கசந்தாலும் விழுங்கத்தான் வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சுடுகாட்டையும் இடுகாட்டையும் பாதையையும் பெயர் சொல்லியே காத்தது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலே 2015-இல் திருத்தம் செய்து, இடுகாட்டையோ பொதுவழியையோ மறிப்பதைக் குற்றம் என்று தெளிவாகவே எழுதினார்கள். சாதி வேறுபாடில்லாத மயானம் உள்ள சிற்றூருக்குப் பத்து இலட்சம் ரூபாய் பரிசென்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. பரிசு கொடுத்து மனிதனாக்கும் நிலை! வெட்கமாக இருந்தாலும், வேண்டாமென்று சொல்லமாட்டோம். அந்தப் பத்து இலட்சம் நம் ஊருக்கு வந்தால் வாய்க்காலுக்குப் பாலமும் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பாலம் வேண்டாம், தோழரே. பாலம் கட்டினால் வாய்க்கால் வழியே நிரந்தரமாகிவிடும்! தார்ச்சாலை இருக்கிறது. நடக்க வேண்டியதுதான் மிச்சம்.

மெல்வில் என்பவர் 1851-இல் எழுதிய திமிங்கிலக் கதை ஒன்றைக் கல்லூரியிலே படித்தோம். கப்பல் மூழ்குகிறது. நண்பனுக்காகச் செய்து வைத்திருந்த சவப்பெட்டி மிதந்து வருகிறது. அதைப் பற்றிக்கொண்டு ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அந்நாளில் தேர்வுக்காகப் படித்தோம். வாய்க்காலிலிருந்து வந்த இரவு அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. கீறல் விழுந்த கண்ணாடியும் உடன் வந்தது. மறுநாள் மனு எழுதினோம்.

மனுவிலே மூன்றே வரி. மேலத்தெருச் சாலை ஊராட்சியின் பொதுச்சாலை. எந்தத் தெருப் பிணமும் அவ்வழியே செல்லும். மறிப்பவர்மீது ஊராட்சியே புகார் கொடுக்கும். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையிலே தீர்மானமாக வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கையொப்பம் வாங்க நாமும் ஆசிரிய நண்பரும் மாலை வேளைகளில் நடந்தோம். கீழத்தெருவிலேயே சிலர் அஞ்சினார்கள். வயலிலே வேலை கிடைக்காது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நமக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நாற்பத்து மூன்று கையொப்பம் சேர்ந்தது.

சென்ற வாரம் பள்ளி முடிந்ததும் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். பத்தாம் வகுப்பு. மேலத்தெரு. இரண்டு நாள் அந்தப் பெட்டியிலே கிடந்த பெரியவரின் பேரன். தானும் கையொப்பம் போடலாமா என்றான். பதினெட்டு வயது ஆகவேண்டும், தம்பி என்றோம். சற்று நேரம் நின்றான். "அக்காவுக்கு இருபது ஆகுது ஐயா" என்றான். தாளைக் கொடுத்தோம். மறுநாள் காலை, வகுப்பு தொடங்குமுன், நான்காக மடித்த தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். நாற்பத்து நான்காவது கையொப்பம் அதிலே இருந்தது.